பத்மினியின் தரையில் ஓட்டை: கன்வர்ட்டர் அடித்தால் போதுமா?

கேள்வி, 10 ஜனவரி 2024, தூத்துக்குடி

அண்ணே, அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார். டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வாசலிலேயே நின்றது, சீட் வரைக்கும் தண்ணீர். இப்போது தரைவிரிப்பு மேட்டைத் தூக்கினால் டிரைவர் காலடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. டிங்கர் கடையில் பழைய தகட்டின் மேலேயே ஃபைபர் ஒட்டிப் பட்டி போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்தால் துரு மறுபடி இரும்பாகிவிடும் என்கிறார்கள். வெல்டிங் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது. கன்வர்ட்டர் போதுமா, வெட்டணுமா?

10 ஜனவரி 2024, இரவு

போதாது தம்பி. வெட்டத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஓட்டையை டிசம்பர் வெள்ளம் போடவில்லை. மூன்று வாரத்தில் நல்ல தகடு அப்படித் தின்றுபோகாது. பல வருடமாக மேட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருந்ததை வெள்ளம் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஆகவே வெள்ளத்துக்கு முன்பு அந்த இடத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, வந்தது ஏன் வெளியே போகவில்லை, இந்த இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுத் தகடு வைத்தால் அதற்கும் அதே கதிதான்.

துரு இரும்பாக மாறாது. கன்வர்ட்டரில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம், அல்லது டானிக் அமிலம், அல்லது இரண்டும். முதலாவது துருவை இரும்பு பாஸ்பேட் ஆக்கும், இரண்டாவது இரும்பு டானேட் ஆக்கும். இரண்டும் கருத்த படலங்கள், துருவைவிடச் சாதுவானவை. முற்காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டு மை காய்ச்சினார்களே, அந்தக் கறுப்பும் டானினும் இரும்பும் சேர்ந்து வந்ததுதான். மை நன்றாகத்தான் இருக்கும், அதன் மேல் காலை வைத்து கிளட்ச் மிதிக்க முடியாது.

இன்னொன்று, கெட்டியான துருச் செதிலில் கன்வர்ட்டர் மேல் அடுக்கை மட்டும்தான் நனைக்கும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, மெல்லிய படிவு மட்டும் மிஞ்சும்போதுதான் அதற்கு வேலை.

11 ஜனவரி 2024

தண்ணீர் வரும் வழிகள். பத்மினியில் நான் முதலில் சந்தேகப்படுவது முன் கண்ணாடி பீடிங்கின் கீழ் மூலைகளை. ரப்பர் காய்ந்து சுருங்கியதும் மழைநீர் உள்ளே இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வழிந்து காலடிக்கு வந்துவிடும். கதவுகளின் அடியில் வடிகால் ஓட்டைகள் உண்டு. பெயின்ட் அடிக்கிறவர்கள் அதைப் பட்டியாலோ பெயின்டாலோ அடைத்திருப்பார்கள், அப்புறம் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். மூன்றாவது, முன் டயர் வாரி அடிக்கும் சேறு மட்கார்டுக்குள் படிந்து எந்நேரமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கண்டுபிடிக்க ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ளட்டும், மற்றவர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடட்டும். கீழேயிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்று தெரியாமல் போகும். வேகமாகப் பீச்சவும் வேண்டாம், மழை மாதிரி விட்டாலே போதும்.

மேட்டுக்கு அடியில் தார் பூசிய சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டியிருக்கும். நன்றாக ஒட்டியிருப்பதாகத் தெரிந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். நான் இதுவரை தூக்கிய எந்த ஷீட்டின் அடியிலும் சுத்தமான தகட்டைப் பார்த்ததில்லை.

11 ஜனவரி 2024, பிற்பகல்

மேலே சொன்னதோடு இதையும். பெரிய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், செத்த தகடு மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் முனையால் குத்துங்கள். பொத்துக்கொண்டு போனால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முடிக்கும்போது வட்டங்கள் நீங்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு இருக்கும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு செய்யவும்.

வெளியே பட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் போதும்.

14 ஜனவரி 2024

இன்று போகி. "அந்த வண்டியையும் சேர்த்துக் கொளுத்திவிடலாமா?" என்று என் பழைய வண்டியைக் காட்டி வீட்டில் கேட்டாகிவிட்டது. வருடா வருடம் கேட்கிறார்கள்.

21 ஜனவரி 2024

படங்களைப் பார்த்தேன். தரை எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. கதவுக்கு அடியில் நீளமாக ஓடுகிற பெட்டிதான் கவலை. இரண்டாவது படத்தில் ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் கொப்புளம் தெரிகிறது பாருங்கள், அங்கே.

அம்பாசடரும் சரி, பத்மினியும் சரி, அடியில் தனிச் சட்டம் (சேஸிஸ்) இல்லாத வண்டிகள். உடம்பேதான் சட்டம். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடியைப் போல்ட் போட்டு உட்காரவைத்த வண்டியில் கதவுக்கு அடியில் துருப்பிடித்தால் அசிங்கம், அவ்வளவுதான். பத்மினியில் அந்தப் பெட்டி போனால் வண்டியின் நடு முதுகே தொய்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்து மூடும்போது பின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி மூட வேண்டியிருக்கிறதா? கீல் தேய்ந்தாலும் அப்படி ஆகும். கீல் சரியாக இருந்தும் அப்படி என்றால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

என் வண்டி 1986 மாடல். முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் சீட்டைக் காயவைத்தோம், எண்ணெய் மாற்றினோம், எஞ்சினும் ஓடியது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தெருவே சொன்னது. பிறகு ஒரு நாள் கதவடிப் பெட்டியின் கடைசியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். கெட்டியான வண்டல் புட்டு மாதிரி உதிர்ந்து விழுந்தது. உள்ளே பாதி உயரத்துக்கு அதுதான். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஈரம். வெளித் தகடு வெளியிலிருந்து பார்க்கப் பளபளவென்று இருந்தது, ஸ்க்ரூடிரைவர் அதை முறுக்குப் போல நொறுக்கிக்கொண்டு போயிற்று.

ஆகவே வெட்டுவதற்கு முன்னால் உங்கள் முதல் வேலை அந்தப் பெட்டிகளுக்குள் மெல்லிய குழாயை விட்டு வண்டலைக் கழுவுவது. தண்ணீர் தெளிவாக வெளியே வரும் வரைக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. உங்கள் வண்டிக்குள் என்னென்ன வந்து உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

22 ஜனவரி 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் போர்வெல் தண்ணீரால் கழுவிவிடாதீர்கள். தூத்துக்குடியில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. உப்புத் தண்ணீரைப் பெட்டிக்குள் விட்டுக் கழுவுவதற்குச் சும்மா இருப்பதே மேல். வாட்டர் சர்வீஸ் கடைகளிலும் இதே கதை. மாதம் ஒரு முறை அடிப்பக்கம் கழுவிப் பாதுகாக்கிறேன் என்று நினைத்து உப்பைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். லாரி நல்ல தண்ணீர், தேக்கிய மழைநீர், இரண்டில் ஒன்று.

உப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது என்று கேட்டவருக்கு: துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வேலை. இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே ஈரம் வழியாக மின்னோட்டம் போக வேண்டும். உப்பு கலந்த ஈரத்தில் அது தாராளமாகப் போகும். அதோடு குளோரைடு துருவின் அடிக்குழிகளில் போய் ஒளிந்துகொள்ளும், காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். வெறும் தகடானதும் நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஹாட் ஏர் கன்னால் உடனே காயவைத்து, மறுபடி கழுவி, மறுபடி காயவையுங்கள். சலிப்பான வேலை, ஆனால் கடலோரத்தில் இதைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

3 பிப்ரவரி 2024

"ஃபியட் என்றாலே துருதான், ரஷ்ய இரும்பு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பத்மினி ஃபியட்டின் வடிவம் என்பதால், ஃபியட் ரஷ்யாவின் மட்டமான இரும்பை வாங்கியது என்ற இந்தக் கதை எங்கே போனாலும் வருகிறது.

பெரிய கலாட்டா நடந்தது பிரிட்டனில், லான்சியா பீட்டா என்ற வண்டியால். லான்சியாவை ஃபியட் 1969-ல் வாங்கியிருந்தது. எஞ்சினைத் தாங்கும் சட்டம் துருவில் கழன்று வருகிறது என்று 1980-ல் பத்திரிகைகள் கிழித்தன, நிறுவனம் பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தப் பெயர் எல்லா இத்தாலிய வண்டியின் மேலும் ஒட்டிக்கொண்டது. ரஷ்ய இரும்புக் கதைக்கு யாரும் உருப்படியான ஆதாரம் காட்டி நான் பார்க்கவில்லை. பத்மினி அதற்குள் வரவே வராது. அது பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அடித்த தகடு, 1960-களின் ஃபியட் 1100 டிலைட்டின் வடிவம். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறைதான் இதற்கும்: மூடிய பெட்டிகளுக்குள் பெயின்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதே வயது அம்பாசடரைத் திறந்து பாருங்கள், ஆறுதலாக இருக்கும்.

4 பிப்ரவரி 2024

தில்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காமல் நிற்கிறதே என்று கேட்டவருக்கு: ஆமாம், 1600 வருடமாக நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு காப்புப் படலம் உருவானது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தில்லியின் வறண்ட காற்றும் உதவி. அதைத் தூத்துக்குடி துறைமுகத்தில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நம் வண்டித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தூண் விட்டத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு மில்லிமீட்டர் போனால் தூணுக்கு முகம் கழுவின மாதிரி, நமக்கு ஓட்டை.

18 பிப்ரவரி 2024

வெட்டும் நேரம் வந்துவிட்டது என்கிறார் தூத்துக்குடித் தம்பி. கிரைண்டரை எடுப்பதற்கு முன் கீழே இருப்பதைப் படிக்கவும்.

சீட், மேட், பஞ்சு, துணி எல்லாம் வெளியே. பேட்டரி வயரைக் கழற்றவும். பெட்ரோல் டேங்கை இறக்கி வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கவும். காலி டேங்க்தானே என்று விடக் கூடாது, காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் தரைக்கு அடியில் எங்கே ஓடுகின்றன என்று படுத்துப் பார்த்துச் சாக்பீஸால் குறிக்கவும். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், ஈரச் சாக்கு. வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கவும். பொறி ஒரு துணிக்குள் போய்த் தூங்கிவிட்டு, நீங்கள் சாப்பிடப் போன பிறகு எழுந்திருக்கும்.

அடுத்தது வண்டி நிற்கும் விதம். ஜாக்கியில் நடுவில் தூக்கி வைத்துக்கொண்டு கதவடிப் பெட்டியை வெட்டினால் வண்டி இரண்டு பக்கமும் தொங்கும், அதே வளைவில் வெல்டு செய்துவிடுவீர்கள், அப்புறம் எந்தக் கதவும் சேராது. சக்கரத்தில் நிற்பது போலவே பாரம் வரும்படி, அச்சுப் பக்கத்தில் உறுதியான ஸ்டாண்டுகள் வைத்து மட்டம் பார்த்து நிறுத்துங்கள். கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்துத் தற்காலிகமாக வெல்டு போடுங்கள், முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கு. அதற்கு முன் கதவை மூடிச் சுற்றிலும் இடைவெளியை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும்.

வெட்டும்போது பளபளக்கும் தகடு வரும் வரை போய், அதற்கு மேலும் இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலை வெல்டு செய்யும்போது முதலில் உருகிப்போகும்.

18 பிப்ரவரி 2024, இரவு

"இதற்குப் புதுக் காரே வாங்கலாமே." வாங்கலாம். யார் வேண்டாம் என்றது?

2 மார்ச் 2024

எந்த வெல்டிங், எந்தத் தகடு. இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

கிரில் பட்டறையில் இருக்கும் ராடு வெல்டிங் இதற்கு ஆகாது. 20 கேஜ் மாதிரி மெல்லிய தகட்டில் ராடை வைத்தால் ஓட்டைதான் விழும். கேஸ் வெல்டிங் கை பழகியவர் செய்தால் அழகு. பழைய டிங்கர்கள் அதில்தான் வித்தை காட்டினார்கள். ஆனால் சூடு பரவி, தகடு அலையலையாக நெளியும். நெளிந்ததைத் தட்டிச் சுருக்க ஆயுள் அனுபவம் வேண்டும். நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு மிக் வெல்டிங்தான், அதாவது மெஷின் கம்பியைத் தள்ள, வெல்டைச் சுற்றிக் காப்பு கேஸ் நிற்கும் மின் வெல்டிங். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் ஓடும் சின்ன இன்வர்ட்டர் மெஷின்களே போதும். கேஸ் இல்லாமல் ஓடும் கம்பியும் கிடைக்கிறது. அது இன்னும் சூடாக எரியும், மெல்லிய தகட்டில் சிரமம். கேஸோடு போங்கள்.

உங்கள் ஊரில் ஒரு தனித் தொல்லை உண்டு. கடல் காற்று. வெல்டைச் சுற்றி நிற்க வேண்டிய கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டு தேன்கூடாக வரும். மெஷின் சரியில்லை என்று திட்டுவதற்கு முன் ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்துப் பாருங்கள்.

ஒரே இழுப்பாகக் கோடு போடக் கூடாது. ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு ஒரு சாண் தள்ளி, ஒரு பொட்டு எதிர்ப்பக்கம். பொட்டுகளுக்கு நடுவே பொட்டு, பிறகு அதற்கும் நடுவே. தகட்டைத் தொட்டால் கை வைக்க முடிகிற சூட்டிலேயே இருக்க வேண்டும்.

தகடு: சி.ஆர். ஷீட், அதாவது குளிர்நிலையில் உருட்டிய வெறும் தகடு. தரைக்கு 20 கேஜ், கதவடிப் பெட்டிக்கும் ஸ்பிரிங் பட்டை பிடிக்கும் இடங்களுக்கும் கொஞ்சம் தடித்த 18 கேஜ். பழகுவதற்குக் காசு கொடுத்துத் தகடு வாங்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் பீரோக் கதவு ஒன்று வாங்குங்கள். அதே மாதிரித் தகடு, பரப்பும் நிறைய. பெயின்டை முழுக்க எடுத்துவிட்டுத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டே இருங்கள். ஒட்டியதை வைஸில் பிடித்து வளைத்துப் பாருங்கள். வெல்டு விட்டுக்கொடுக்காமல் பக்கத்துத் தகடு கிழிந்தால் வண்டிக்குப் போகலாம்.

பழைய தரையில் அமுக்கிய வரிகள் இருக்கும், அலங்காரத்துக்கு அல்ல. வெறும் தட்டைத் தகடு வைத்தால் ஓடும்போது டொம் டொம் என்று அடித்துக்கொண்டே வரும். கட்டை மேல் வைத்து உருண்டைக் கம்பியால் அடித்து வரிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அட்டைப் பெட்டியில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போகவும்.

5 மார்ச் 2024

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே வராதே என்றால், வெல்டு செய்யும் இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், நமக்குப் பாதுகாப்பு வேண்டிய இடமே அதுதான். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர் காய்ச்சல் வந்து உதறும். வேண்டாம்.

பித்தளை வைத்துப் பிரேசிங் செய்த பழைய ஒட்டு இருந்தால் அதையும் சேர்த்து வெட்டி எடுங்கள். பித்தளை படிந்த இடத்தில் மிக் பிடிக்காது.

17 மார்ச் 2024

ஃபைபரைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் அந்த டிங்கர் கடைக்காரரை நான் மனதுக்குள் திட்டியது கொஞ்சம் அதிகம். அவரிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) வரை ஓடினால் போதும் என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்கிறார்.

பாரம் தாங்காத இடத்தில், உதாரணமாக பேட்டரித் தட்டு மேல் ஒரு காப்பு உறையாக, ஃபைபர் எனக்கே சம்மதம். ஆசிட்டும் தாங்கும். துருப்பிடித்த தரையின் மேல் ஒட்டுவதில்தான் சண்டை. தகடும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவு விரியாது, ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், அதில் தண்ணீர் இறங்கி நடுவில் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தரை கல் மாதிரி இருக்கும், அடியில் தகடே இருக்காது.

7 ஏப்ரல் 2024

சின்னச் சாமான்களுக்கு, அதாவது கீல், பிராக்கெட், போல்ட், சீட் ரயில் மாதிரியானவற்றுக்கு, மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை சாமானுக்கு, பிளஸ் முனை ஒரு வீணான இரும்புத் துண்டுக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ராத்திரி முழுக்க விட்டால் துரு கறுப்புச் சேறாகி, பிரஷ்ஷில் தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்பைத் தின்னாது என்பதுதான் ஆசிட்டைவிட இதில் உள்ள வசதி.

எச்சரிக்கைகள் மூன்றையும் எழுதாவிட்டால் தூக்கம் வராது. பிளஸ் பக்கம் எவர்சில்வர் போடாதீர்கள், அதிலிருந்து குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்புப் போடாதீர்கள், குளோரின் வரும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் மூடிய அறையில் வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில், ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வேலை செய்யும், வாரக்கணக்கில் ஆகும், நாற்றம் தெருமுனை வரை போகும். தவிர நம்மூரில் மொலாசஸ் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குள் வருகிற சரக்கு. துருவுக்காக வாங்கினேன் என்று போலீஸிடம் விளக்க எனக்குத் தைரியமில்லை.

9 ஜூன் 2024

இடது பக்கம் முடிந்ததாம், கதவு சேர்கிறதாம். படத்தில் வெல்டு அசிங்கமாகத்தான் இருக்கிறது. தேய்த்தால் போய்விடும், பிடித்திருக்கிறதே, அதுதான் வேண்டும். கிரைண்டரைப் பிடித்து மொத்தமாக வழித்துவிடாமல் உப்புத்தாள் மடல்கள் ஒட்டிய ஃபிளாப் டிஸ்க்கால் மெதுவாகத் தேய்க்கவும்.

வெறும் தகட்டை ராத்திரி அப்படியே விடாதீர்கள். கடலோர ஈரத்தில் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். வியர்த்த கையால் தொட்ட இடத்தில் ஐந்து விரலும் துருவாகவே பதிந்திருக்கும். அன்றன்றைக்குச் செய்த அளவுக்கு அன்றன்றைக்கே பிரைமர்.

16 ஜூன் 2024

பிரைமர். ரெட் ஆக்சைடு அடித்து நிறுத்திவிட்டால் பாதுகாப்பு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அது தனியாக நின்றால் ஈரத்தை உள்ளே விடும், மேலே பெயின்ட் வந்தால்தான் அதற்கு மரியாதை. தரைக்கும் பெட்டிக்கும் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் வாங்குங்கள்.

கன்வர்ட்டரும் எபாக்சியும் சேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் மிச்சமிருக்கும் பரப்பில் எபாக்சி சரியாகக் கெட்டியாகாமல் போகலாம், பிறகு தோல் மாதிரி உரியும். டப்பாவில் போட்டிருப்பதைப் படிக்கவும். நான் எபாக்சி அடிக்கும் இடத்தில் கன்வர்ட்டரைத் தொடுவதே இல்லை. இயந்திரத்தால் சுத்தம் செய்து நேராக எபாக்சி. கன்வர்ட்டர், கை எட்டாத மூலைகளுக்கு மட்டும். ஜனவரியில் நான் சொன்னதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் பூசியவர்கள் மன்னிக்கவும் என்று எழுத வந்தேன், மேலே போய்ப் பார்த்தால் போதாது என்றுதான் எழுதியிருக்கிறேன். தப்பித்தேன்.

வெளிப் பெயின்டுக்கு டூ-கே அடிக்கிறேன் என்கிறவர்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலில் ஆஸ்துமாவாக உட்கார்ந்துவிடும். வசதி இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பெயின்டிங் பூத் இருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் மழைக்காலத்தில் வேண்டாம், ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

30 ஜூன் 2024

பாம்பே டாக்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசிப் பத்மினி டாக்சி அங்கே பதிவானது 2003 அக்டோபர் 29. இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் ஓட்டத்தில் இல்லை. உதிரிச் சாமான் கிடைக்குமா என்று பலர் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். தகடு வாங்க அங்கே போகாதீர்கள். அதுவும் கடலோர ஊர். நம் துருவை விட்டு அவர்கள் துருவை வாங்கி வர ரயில் செலவு எதற்கு? கீல், பூட்டு, கண்ணாடி, கைப்பிடி என்றால் சரி. சென்னை வந்தால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று, கோவை என்றால் உக்கடம்.

முன் கண்ணாடி பீடிங் மட்டும் புதிதாக வாங்கவும். பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

22 செப்டம்பர் 2024

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடித்துவிடுங்கள். பெட்டிகளுக்குள் மெழுகு. பாடி காவிட்டி வாக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும், நீளமான மெல்லிய குழாயோடு. ஓரங்களிலும் வடிகால் ஓட்டைகளிலும் மெழுகு சொட்ட ஆரம்பிக்கும் வரை அடிக்க வேண்டும். சொட்டி முடிந்ததும் ஒரு கம்பியால் வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால் முதல் நாள் பேச ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

லாரிக்காரர்கள் போலக் கருப்பு ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கலாமா? அடிக்கிறார்கள், ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஓரளவு உதவவும் செய்கிறது. ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக் பக்கம் போனால் ஆபத்து, மண்ணில் சொட்டினால் கிணற்றுக்கும் கேடு. வண்டியின் அடியில் கெட்டித் தார் பூசுவதும் எனக்குப் பிடிக்காது. கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால் தண்ணீர் தாருக்கும் தகட்டுக்கும் நடுவே போய்விடும், வெளியே தெரியவும் தெரியாது.

23 செப்டம்பர் 2024

தார் பற்றி மாற்றுக் கருத்து வந்திருக்கிறது: எபாக்சி நன்றாக அடித்து, அதன் மேல் ரப்பர் கலந்த அண்டர்கோட்டிங் மெல்லிதாக அடித்து, வருடம் ஒரு முறை படுத்துப் பார்த்தால் என்ன தப்பு என்கிறார் ஒருவர். ஒரு தப்பும் இல்லை. அந்த வருடம் ஒரு முறையை யார் செய்கிறார்கள் என்பதுதான்.

15 டிசம்பர் 2024

மழைக்குப் பிறகு மேட்டுக்கு அடியில் காய்ந்திருக்கிறது என்று செய்தி. மேட்டை ஒட்டாமல் சும்மா விரித்து வையுங்கள், வாரம் ஒரு முறை தூக்கிப் பார்க்க வசதி. ஓடாமல் நிறுத்திவைக்கும் வண்டியில் டேங்கையும் கவனிக்கவும். இ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் போய்த் தங்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நான் டேங்கை வடித்துவிடுகிறேன்.

13 செப்டம்பர் 2025

ஆர்.சி. புதுப்பிப்பதைப் பற்றி இப்போது கேட்கிறவர்களுக்கு. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய காருக்கு மத்தியக் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தது. போன மாதம் வந்த அறிவிப்பில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பச்சை வரி தனி. 1984 வண்டி இரண்டாவது கணக்கில்தான் வரும்.

விண்டேஜ் பதிவு 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று 2021 விதி சொல்கிறது. அந்த எண்ணம் இருப்பவர்கள் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தில் அதே இடத்தில் தகடு மாற்றியிருக்கிறோம் என்று காட்ட உதவும். ஆய்வாளர் கீழே குனிந்து பார்ப்பார், அண்டர்கோட்டிங் பூசி மறைத்ததைவிட சுத்தமான எபாக்சியைக் கண்டால் அவருக்கும் சந்தேகம் குறையும் என்பது என் எண்ணம்.

14 செப்டம்பர் 2025

மிக் கம்பி அளவு கேட்டவருக்கு: 20 கேஜுக்கு 0.8 மில்லிமீட்டர். 5 கிலோ சுருள் சில சின்ன மெஷின்களில் நுழையாது, 1 கிலோ சுருள்தான் ஏற்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவும், அந்தக் கம்பியும் துருப்பிடிக்கும்.